போதைமீட்பு மனைகளில் சொல்லும் பொருளும்: பண்புசார் ஆய்வுநெறி பற்றிய ஒரு விளக்கம்

மதுவுக்கும் அபினி முதலான போதைப்பொருள்களுக்கும் அடிமைப்பட்டோரை அவற்றினின்று மீட்கும் மருத்துவ மனைகளில் இருவகை ஆராய்ச்சிகள் நிகழ்கின்றன. ஒன்று எண்ணி அளப்பது. எத்துணைப் பேர் சேர்ந்தனர், எத்துணைப் பேர் இடையில் விலகினர், ஓராண்டு கழிந்தபின் பழக்கமின்றி இருந்தோர் எத்துணையர் என்று அது கணக்கிடும். மற்றொன்று கேட்டு உணர்வது. அடிமைப்பட்டோர் தம் வாழ்வை எவ்வாறு காண்கின்றனர், மருத்துவத்தை எவ்வாறு ஏற்கின்றனர் அல்லது மறுக்கின்றனர் என்பனவற்றை நேர்காணலாலும், உடனிருந்து நோக்குதலாலும், பேச்சைப் பதிந்து ஆராய்தலாலும் அது அறிய முயலும். பின்னதையே பண்புசார் ஆய்வு என்பர். முன்னதற்கு எண் கருவி. பின்னதற்குச் சொல்லே கருவி. ஆதலின் இத்துறை மருத்துவர்க்கும் சமூகவியலார்க்கும் மட்டும் உரியதன்று. சொல்லையும் அதன் சூழலையும் ஆராய்ந்து பழகிய தமிழ் மாணாக்கர்க்கும் உரியதேயாம்.

இக்கட்டுரை ஒரே வினாவை எடுத்துக்கொள்கிறது. மீட்பு மனையில் ஒருவர் தம்மைப் பற்றிக் கூறும் சொல்லை ஆய்வாளர் எவ்வாறு கொள்ளல் வேண்டும்? இதற்கு எளிதாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. அடிமைப்பட்டோர் பொய் கூறுவர், ஆதலின் அவர் சொல் சான்றாகாது என்பது ஒன்று. பட்டறிந்தவர் அவரே, ஆதலின் அவர் கூறியதே உண்மை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டனவாகத் தோன்றினும் ஒரே குறையுடையன. இரண்டும் சொல்லை அது பிறந்த இடத்தினின்று பெயர்த்தெடுத்து, தனியே நிறுத்தி, மெய்யோ பொய்யோ என வினவுகின்றன.

கூற்றும் கேட்போரும்

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணுமிடத்துக் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் என்பனவற்றையும் உடன் எண்ணுதல் யாவரும் அறிந்தது. கூறுவார் ஒருவர் உளர் எனில் கேட்பாரும் உளர். கூறும் இடமும் பொழுதும் உள. கூறுவதனால் எய்தும் பயனும் உண்டு. கூறாது விடப்பட்டதும் பொருளின் ஒரு கூறேயாகும். இன்னார்க்கு இன்ன இடத்தில் இன்னார் கூறத்தக்கது இது எனக் குறிப்பால் உணரச் செய்வது முன்னம். இவ்வுறுப்புகளை நீக்கிவிட்டுத் தோழியின் கூற்றொன்றைத் தனியே எடுத்து, அவள் கூறியது உண்மையா என்று எவரும் வினவுவதில்லை. சிறைப்புறத்தே தலைவன் நிற்கின்றான் என்பதை அறிந்த பின்னரே அக்கூற்றின் பொருள் விளங்குகின்றது.

இலக்கண நூல் இதனைப் புனைந்துரைக்கு வகுத்தது. ஆய்வாளர் முன் அமர்ந்திருப்பவரோ உயிருள்ள மாந்தர். இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. ஆயினும் நோக்கு முறை ஒன்றே. மீட்பு மனையிலும் சிறைப்புறத்தே நிற்போர் பலர். மருத்துவர், அறிவுரையாளர், நீதிமன்றத்துக்கு அறிக்கை விடுக்கும் அலுவலர், செலவை ஏற்ற குடும்பத்தார் ஆகியோர் நேர்காணல் நிகழும் அறையில் இல்லையெனினும், கூறுவார் உள்ளத்தில் கேட்போராக இருக்கின்றனர்.

எதிர்ச்சான்றைத் தேடிய முறை

இத்துறையில் நேர்காணலை ஆராய்ச்சிக் கருவியாக நாட்டியவருள் ஆல்பிரட் லிண்டெஸ்மித் குறிப்பிடத்தக்கவர். சிகாகோ நகரில் அபினி வகைகளுக்கு அடிமைப்பட்டோரைக் கண்டு உரையாடி, 1947 ஆம் ஆண்டில் ‘ஓப்பியட் அடிக்‌ஷன்’ என்னும் நூலை அவர் வெளியிட்டார். உட்கொள்வது இன்ன மருந்து என்று அறிந்தோரே அடிமையாவர் என்பது அவர் முதலிற் கொண்ட கருத்து. நோய்க்காக மார்பின் ஏற்றப்பட்டு, அது மார்பினே என அறிந்திருந்தும் அடிமையாகாத மருத்துவர் ஒருவரை அவர் கண்டார். அவரை விதிவிலக்கு என ஒதுக்கவில்லை. தம் கருத்தையே மாற்றினார். மருந்து நின்றபோது தோன்றும் துன்பம் மருந்தின்மையால் வந்தது என உணர்ந்தோரே அடிமையாவர் என்றார். அதற்கும் எதிர்ச்சான்று கிடைத்தது. ஆகவே, அவ்வாறு உணர்ந்து, அத்துன்பத்தைப் போக்குதற்கென்றே மீண்டும் அம்மருந்தைக் கொள்வோர் அடிமையாவர் என மூன்றாம் முறையாகத் திருத்தினார்.

இவர் முடிபு முழுவதும் ஏற்கத்தக்கதா என்பது வேறு வினா. முறையே ஈண்டுக் கருதத்தக்கது. நூறு பேர் ஒத்துரைத்தனர் என்பதனால் ஒரு கருத்து நிலைபெறுவதில்லை. ஒவ்வாத ஒருவரைத் தேடிச் சென்று கண்டபின்னும் நிற்பதே நிலைபெறும். அன்றியும், துன்பத்துக்கு அவரவர் கொடுத்துக்கொண்ட விளக்கமே அடிமைத்தன்மையின் தோற்றத்தில் பங்கு பெறுகிறது எனின், அவ்விளக்கத்தை அவர் வாய்மொழியாலன்றி வேறெவ்வாற்றான் அறிய இயலும்? பண்புசார் ஆய்வின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

மனையினுள் நின்று தெருவைக் காணுதல்

கெண்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் 1935 ஆம் ஆண்டு அமெரிக்க அரசு நிறுவிய மருத்துவ மனை, சிறையும் மருத்துவ மனையும் ஒன்றாய் அமைந்தது. தண்டனை பெற்றோரும் தாமே வந்து சேர்ந்தோரும் அங்கு ஒருங்கிருந்தனர். 1966 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், வழக்குக்கு மாற்றாக மருத்துவத்திற்கு அனுப்பப்பட்டோரும் வந்தனர். அங்குப் பணியேற்ற மொழியியல் பயிற்சியுடைய மானிடவியலார் மைக்கேல் ஏகர், தம் ஆராய்ச்சியை ‘ரிப்பிங் அண்டு ரன்னிங்’ என்னும் நூலாக 1973 இல் வெளியிட்டார்.

அவர் எதிர்ப்பட்ட இடர் தெளிவானது. ஆராய வேண்டியது நகரத் தெருவில் ஹெராயின் கொள்வோர் வாழ்வு. ஆய்வாளர் இருப்பதோ தெருவினின்று நெடுந்தொலைவிலுள்ள மனையில். ஆதலின் மனையிலிருந்தோரையே தெரு நிகழ்ச்சிகளை நடித்துக் காட்டச் செய்து, அவ்வுரையாடல்களைப் பதிந்து, சொற்களின் பொருளையும் செயல்களின் வரிசையையும் அவர்களிடமே வினவி வகுத்தார். பணம் தேடுதல், பொருளை வாங்குதல், உடலில் ஏற்றுதல் என்று தொடரும் அவ்வாழ்வில், ஒவ்வொரு கட்டத்திலும் தேர்ச்சியும் முன்னறிவும் வேண்டப்படுதல் புலனாயிற்று. மருத்துவக் குறிப்பேடு செயலற்ற நோயாளியைக் கண்ட இடத்தில் அவர்தம் சொற்கோவை தொழில் வல்லவனைக் காட்டியது. எனினும் தெருவை நேரே காணாது நடிப்பால் அறிந்தது இம்முறையின் எல்லை என்பதும் உணரத்தக்கது.

அதே காலத்தில் சியாட்டில் நகரில் பொது இடத்தில் குடித்திருந்த குற்றத்துக்காகத் திரும்பத் திரும்பச் சிறைப்பட்டோரை ஜேம்ஸ் ஸ்பிராட்லி ஆராய்ந்தார். 1970 இல் வெளிவந்த அவர்தம் நூல் ‘யூ ஓ யுவர்செல்ஃப் எ டிரங்க்’ என்பது. மருத்துவர் அம்மனிதரை மதுநோயாளர் என்றனர். சட்டம் குடித்துத் திரிவோர் என்றது. சமூகவியலார் வீடற்றோர் என்றனர். அவரோ தம்மை ‘டிராம்ப்’ என்று அழைத்துக்கொண்டு, அதனுள் பல வகைகளையும் பகுத்தனர். உறங்கும் இடங்களுக்கு மட்டும் அவரிடம் நீண்டதொரு சொல்வரிசை இருந்தது. வீடற்றோர் என்னும் பெயர் இன்மையைச் சுட்டும். அவர்தம் சொற்களோ வாழும் வகையைச் சுட்டின. அடிக்கடி நிகழ்ந்த சிறையே அவ்வாழ்வில் அவர்களை மேலும் ஆழ்த்தியது என்ற முடிபும் அச்சொற்களின் ஆராய்ச்சியாற் கிடைத்தது. வினாப்படிவத்தில் முன்னரே அச்சிட்ட பெயர்களைக் கொண்டு வினவியிருப்பின், அம்முடிபு கிட்டியிராது.

பயிற்றப்பட்ட சொல்

இதுகாறும் கூறியவற்றினும் நுண்ணியதொரு சிக்கல் உண்டு. மருத்துவமே பேச்சால் நிகழுமிடத்து, நோயாளியின் பேச்சு மருத்துவத்தால் உருவாக்கப்படுகின்றது. 1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தில், உறுப்பினர் தம் கதையைக் கூட்டத்தில் எடுத்துரைத்தல் மரபு. அக்கதைகளை ஆராய்ந்த கேரல் கெயின் 1991 இல் வெளியிட்ட கட்டுரை, புதியவர் பிறர் கதைகளைக் கேட்டுக் கேட்டு, அவ்வமைப்பிலேயே தம் வாழ்வை அடுக்கிக் கூறக் கற்கின்றனர் எனக் காட்டுகின்றது. முதற் குடி, வீழ்ச்சி, அடிநிலை எய்துதல், இயக்கத்தை அடைதல், மீட்சி என அக்கதை நடக்கும். இதனைப் பொய் எனல் பொருந்தாது. மரபு வழுவாது பாடிய புலவன் பொய் பாடினான் என்போமா? ஆயினும், எல்லோரும் இவ்வரிசையிலேயே கூறினர், ஆகவே நோய் இவ்வரிசையிலேயே வளர்கிறது என முடிப்பின், கதையின் இலக்கணத்தை நோயின் இலக்கணமாகக் கொண்ட பிழை நேரும்.

சமர்சன் கார் 2010 இல் வெளியிட்ட ‘ஸ்கிரிப்டிங் அடிக்‌ஷன்’ என்னும் நூல் இதனை மேலும் விரிக்கின்றது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் வீடற்ற மகளிர்க்கான மீட்புத் திட்டமொன்றை அவர் பல்லாண்டு உடனிருந்து ஆராய்ந்தார். உள்ளத்தில் உள்ளதை அவ்வாறே வெளியிடுவதே நலம் பெற்ற பேச்சு என்பது அங்குள்ள அறிவுரையாளர் கொள்கை. அதனால், திட்டத்தின் குறையை ஒருத்தி எடுத்துரைப்பின், அதுவும் தன் நோயை அவள் ஏற்க மறுப்பதன் அறிகுறியாகவே கொள்ளப்பட்டது. குறை உண்மையில் உண்டா என்னும் வினா எழவில்லை. உறையுள், பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உரிமை ஆகியன அம்மகளிர் பேசும் முறையைச் சார்ந்திருந்தன. எனவே சிலர் வேண்டப்படும் பேச்சை நன்கு பயின்று, உள்ளம் திறந்தார் போன்றே பேசித் தமக்கு வேண்டியதைப் பெற்றனர். இதனை வஞ்சகம் என்றோ நேர்மை என்றோ கார் தீர்ப்பளிக்கவில்லை. சொல் அங்கு ஒரு செயல் என்பதே அவர் காட்டிய உண்மை.

இதில் அடங்கிய இடர் பெரிது. ஆய்வாளர் மனையிற் கேட்டவற்றை அவ்வாறே தொகுத்து வெளியிடின், மருத்துவம் தான் கற்பித்த சொல்லையே தனக்குச் சான்றாகத் திரும்பப் பெறுகின்றது. அக்கல்வியை ஏற்காது வெளியேறியவர் சொல் ஏட்டில் ஏறுவதேயில்லை. எவர்க்கு அம்மருத்துவம் பயன்படவில்லையோ அவரே ஆராய்ச்சியினின்றும் மறைந்துபோகின்றனர்.

ஆய்வாளர் கடைப்பிடிக்கத்தக்கன

மேற்கூறியவற்றினின்று சில நெறிகள் பெறப்படும்.

முதலாவது, ஒப்புதல். மயக்கத்திலும், மருந்து நின்றபோது தோன்றும் துன்பத்திலும் இருப்பவரிடம் பெற்ற ஒப்புதல் ஒப்புதலாகாது. உடல்நிலை தெளியும்வரை காத்திருத்தல் வேண்டும். லெக்சிங்டனின் ஆராய்ச்சிப் பிரிவில் மருந்துச் சோதனைக்கு உட்பட்ட கைதியர்க்குக் கைம்மாறாகப் போதைப்பொருளே ஒரு காலத்தில் வழங்கப்பட்டமை 1975 இல் அமெரிக்க மேலவையின் விசாரணையில் வெளிப்பட்டது. கொடுப்பது எதுவாயினும், மறுக்க இயலாததைக் கொடுத்துப் பெறும் இசைவு இசைவன்று என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, மறைகாத்தல். போதைப்பொருள் ஆய்வில் பங்கேற்போர் பெயரை வெளியிடாதிருக்க ஆய்வாளர்க்கு உரிமையளிக்க அமெரிக்காவில் 1970 ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. இந்தியாவில் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது போதைப்பொருள்களின் தீய பயன்பாட்டோடு தொடர்ந்த நிலைகளையும் மனநோயுள் அடக்கி, நோயாளியின் செய்திகள் மறைவாகக் காக்கப்படும் உரிமையை வழங்குகின்றது. சட்டம் இருத்தல் மட்டும் போதாது. கூறியவை அறிவுரையாளரை அடையா என்பதைத் தொடக்கத்திலேயே விளக்கி, அவ்வாறே ஒழுகுதல் வேண்டும். மனையில் மருத்துவப் பணியும் ஆய்வுப் பணியும் ஒருவரே ஏற்பின், கேட்போர் யார் என்பது கூறுவார்க்கு விளங்காது.

மூன்றாவது, களனும் காலமும். ஒருவரையே சேர்ந்த வாரத்திலும், விடுபடும் நாளிலும், வெளியே சென்று சில திங்கள் கழிந்த பின்னரும் கண்டு உரையாடின், எச்சொற்கள் மாறின, எவை நிலைத்தன என்பது புலனாகும். அம்மாற்றமே ஆராய்ச்சிப் பொருள். இடையில் விலகியோரைத் தேடிக் காணுதலும் இதன்பாற் படும். லிண்டெஸ்மித் தேடிய எதிர்ச்சான்று பெரும்பாலும் மனையின் வாயிலுக்கு வெளியிலேயே கிடைக்கும்.

நான்காவது, மனையின் பேச்சையும் ஆராய்தல். அறிவுரையாளர் வினவும் முறை, குறிப்பேட்டில் எழுதும் சொற்கள், சுவரில் எழுதி வைத்த தொடர்கள் ஆகியவற்றைப் பதிந்து வைத்தாலன்றி, நோயாளி கூறியவற்றுள் கற்றது எது, தாமே கூறியது எது எனப் பகுத்தல் இயலாது.

ஐந்தாவது, சொல்லை மாற்றாது எழுதுதல். தமிழ் மனைகளில் ஆராய்வோர்க்கு இது சிறப்பாகக் கூறத்தக்கது. ‘சாப்பிட்டேன்’ என்றும், ‘தண்ணி போட்டேன்’ என்றும், ‘குடித்தேன்’ என்றும் ஒருவரே வெவ்வேறு பொழுதிற் கூறக்கூடும். முன்னது மறைத்துக் கூறும் இடக்கரடக்கல். அடுத்தது தோழமைப் பேச்சு. இறுதியது தன்னைத் தானே குற்றம் சாற்றும் பேச்சாகவும் அமையலாம். ‘குடிகாரன்’ என்பது வசை; ‘குடிநோயாளி’ என்பது மருத்துவம் தந்த பெயர். பதிவை உடனே ஆங்கிலத்தில் பெயர்த்து, அப்பெயர்ப்பையே ஆராயின், இவ்வேறுபாடுகள் அனைத்தும் ஒரே சொல்லாய்க் கரைந்துவிடும். வசைச்சொல்லை விட்டு நோய்ச்சொல்லை ஒருவர் எந்நாளில், எவர் முன்னிலையில் ஏற்றார் என்பதே அவர்தம் மீட்சியின் வரலாற்றை உணர்த்தக்கூடியது. அதனை இழந்த ஆராய்ச்சி பின்னர் எத்துணை நுட்பமாகப் பகுத்தாலும் பயனில்லை.

முடிவுரை

மீட்பு மனையிற் கேட்கும் சொல் நம்பத்தக்கதா என்று வினவுவதைவிட, அச்சொல் எவர்க்கு, எவ்விடத்து, எப்பயன் கருதிக் கூறப்பட்டது என வினவுதலே ஆராய்ச்சிக்கு உரியது. இவ்வினாவைக் கேட்கத் தவறின் இழப்பு ஆய்வாளரோடு நின்றுவிடாது. அவர் ஏட்டை நம்பி மனையின் ஒழுங்குகள் வகுக்கப்படும். அவ்வொழுங்குக்குள் நாளை வேறொருவர் வந்து அமர்வர். மருத்துவ மனைகளும் பல்கலைக் கழகத் தமிழ்த் துறைகளும் இம்முயற்சியில் ஒருங்கு கூடின், கூற்றையும் கேட்போரையும் களனையும் சேர்த்து நோக்கும் பயிற்சி செய்யுளோடு நில்லாது நோயுற்றோர் வாழ்வுக்கும் துணைபுரிவதாகும்.