பழைய காருக்கு 60 லட்சம் வெள்ளி! நம் காருக்கும் அது பொருந்துமா?

2023 மே மாதத்தில் போன்ஹாம்ஸ் ஏல நிறுவனம் இணையம்வழி நடத்திய ஏலத்தில் ஒரு பழைய நிசான் கார் 13 லட்சத்து 57 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. அன்றைய நாணய மாற்று விகிதப்படி அது ஏறக்குறைய 60 லட்சம் வெள்ளி. 2000ஆம் ஆண்டுத் தயாரிப்பான அந்த ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34, 2009இல் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்தில் நடிகர் பால் வாக்கர் ஓட்டிய கார். ஜப்பானில் இந்த ரகம் புதிதாக விற்பனைக்கு வந்தபோது அதன் விலை சுமார் 50 லட்சம் யென் மட்டுமே.

இத்தகைய செய்திகள் கைப்பேசியில் வேகமாகப் பரவுகின்றன. "ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் நட்டமே இல்லை, வைத்திருந்தால் விலை ஏறும்" என்று நண்பர்கள் சொல்லவும் கேட்டிருப்பீர்கள். ராசா, சிரம்பான் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய பல குடும்பங்களுக்கு, வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு கார்தான். எனவே அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பார்ப்பது நல்லது.

பெரும்பாலான கார்கள் இறங்கவே செய்யும்

புதிய கார் கடையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்தே அதன் மதிப்பு குறையத் தொடங்குகிறது. இதைத் தேய்மானம் என்கிறோம். ஸ்போர்ட்ஸ் கார்களும் இதற்கு விதிவிலக்கல்ல.

மலேசியாவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. தீபகற்பத்தில் 1,300 சிசி காருக்கு ஆண்டுக்கு 70 வெள்ளி. 3,000 சிசி செடான் காருக்கு 2,130 வெள்ளி. காருக்கு வயதானாலும் இந்த வரி குறையாது. உதிரிபாகங்களும் அப்படித்தான். 4 லட்சம் வெள்ளிக்கு விற்ற கார் 80 ஆயிரத்துக்குக் கிடைக்கலாம். ஆனால் அதன் பிரேக்கும் கியர்பெட்டியும் இன்னமும் 4 லட்சம் வெள்ளிக் காரின் பாகங்கள்தாம். அடுத்து வாங்குபவர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் விலை கேட்பார்.

அப்படியானால் ஆர்34 ஏறியது ஏன்?

முதல் காரணம் எண்ணிக்கை. 1999 முதல் 2002 வரை தயாரான ஆர்34 ஜிடி-ஆர் கார்கள் சுமார் 11,500 மட்டுமே. இனி ஒன்றுகூடப் புதிதாக வராது.

இரண்டாவது காரணம் சட்டம். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படாத வெளிநாட்டுக் கார்கள் 25 ஆண்டு பழமையானால்தான் அங்கே தடையின்றி இறக்குமதியாகும். 1999இல் தயாரான ஆர்34க்கு அந்தக் கதவு 2024இல் திறந்தது. இதை எதிர்பார்த்துப் பல ஆண்டுகளுக்கு முன்பே விலை ஏறத் தொடங்கிவிட்டது.

மூன்றாவது காரணம் நினைவு. சிறுவயதில் இந்தக் காரைத் திரைப்படத்திலும் கணினி விளையாட்டிலும் பார்த்தவர்கள் இன்று நாற்பது வயதில் சம்பாதிக்கிறார்கள். 60 லட்சம் வெள்ளிக்குப் போன காரின் விலையில் பெரும்பகுதி பால் வாக்கரின் பெயருக்கு உரியது. படத்தில் வராத ஆர்34 அந்த விலைக்குப் போகாது.

நம் நாட்டு உதாரணம்

1996இல் புரோட்டோன் நிறுவனம் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அந்தக் கூட்டணியில் உருவானது சத்ரியா ஜிடிஐ. 1.8 லிட்டர் இயந்திரம், லோட்டஸ் பொறியாளர்கள் செப்பனிட்ட சஸ்பென்ஷன். 2002இல் நம் நாட்டின் கரம்ஜித் சிங், புரோட்டோன் பெர்ட் காரில் தயாரிப்புக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றார். புரோட்டோனின் வேகக் கார்களுக்கு அது தனி மதிப்பைக் கொடுத்தது.

அன்றைய இளைஞர்கள் ஜிடிஐ கார்களை வாங்கி மாற்றியமைத்தார்கள், பந்தயத்தில் ஓட்டினார்கள், பல கார்களை மோதி அழித்தார்கள். அதனால்தான் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் ஜிடிஐயை இன்று சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். சாதாரண 1.3 சத்ரியாவுக்கு ஜிடிஐயின் வெளித்தோற்றத்தைப் பொருத்தி விற்பவர்களும் உண்டு. சேசிஸ் எண், இயந்திர எண் இரண்டையும் பதிவுப் பத்திரத்துடன் ஒப்பிடாமல் பணம் கொடுக்கக் கூடாது.

இணைய ஏலம் இயங்கும் விதம்

அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய 'பிரிங் எ டிரெய்லர்' இத்துறையில் பெயர்பெற்ற தளம். விற்பவர் காரின் படங்களையும் பராமரிப்புப் பதிவுகளையும் வெளியிடுவார். இந்த விலைக்குக் கீழ் விற்க மாட்டேன் என்று ஓர் அடிவிலையையும் வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் நேரம் மீண்டும் நீளும்.

ஏலத்தில் ஒருவர் மட்டும் ஆசைப்பட்டால் விலை ஏறாது. குறைந்தது இருவர் போட்டியிட வேண்டும். அடிவிலையை எட்டாமல் விற்பனையாகாத கார்களும் பல. ஆனால் அவற்றைப் பற்றிய காணொளி நம் கைப்பேசிக்கு வருவதில்லை. விளம்பரத்தில் கேட்கும் விலையும் விற்ற விலையும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

மலேசியாவில் 2015இல் தொடங்கிய கார்சம் போன்ற தளங்கள் வேறு வகை. நம் காரைப் பரிசோதித்த பிறகு, பழைய கார் வணிகர்கள் இணையத்தில் ஏலம் கேட்கிறார்கள். அவர்கள் காரை மறுபடியும் விற்று இலாபம் பார்க்க வேண்டும். எனவே நமக்குக் கிடைப்பது வணிகர் விலைதான்.

ஜப்பானிலிருந்து வரும் 'ரீகண்ட்' கார்களுக்கு ஏலத் தாள் இருக்கும். அதில் 4, 4.5, 5 போன்ற மதிப்பெண்கள் நல்ல நிலையைக் காட்டும். 'ஆர்' என்ற எழுத்து இருந்தால் விபத்தில் பழுது பார்த்த கார் என்று பொருள். அசல் தாளைக் கேட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை.

வங்கி நடத்தும் ஏலம்

நம்மவர்கள் 'லேலோங்' என்று சொல்லும் இன்னோர் ஏலமும் இருக்கிறது. அதில் கார் விலை ஏறுவது அரிது.

ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க 60 ஆயிரம் வெள்ளி கடன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி நிலையான முறையில் 4 விழுக்காடு, காலம் 9 ஆண்டு. வட்டி மட்டும் 21,600 வெள்ளி. மொத்தம் 81,600 வெள்ளி. மாதத் தவணை சுமார் 756 வெள்ளி. மாதந்தோறும் கடன் குறைந்தாலும் வட்டி முழுத் தொகைக்கே கணக்கிடப்படுவதால், உண்மையான வட்டி விகிதம் 7 விழுக்காட்டைத் தாண்டுகிறது.

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறினால் வங்கி 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் காரை எடுத்துக்கொள்ள வழியுண்டு. கடனில் 50 ஆயிரம் பாக்கி இருக்கும்போது ஏலத்தில் கார் 30 ஆயிரத்துக்குப் போனால், எஞ்சிய 20 ஆயிரம் கடனாகவே நிற்கும். காரும் இருக்காது. அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் கடன் அவரிடமும் வரும். நம் நாட்டில் மக்கள் திவாலாகும் முக்கியக் காரணங்களில் வாகனக் கடனும் ஒன்று.

ஆர்34ஐ ஏலத்தில் விட்டு இலாபம் பார்த்தவர்கள், அதை விற்க அவசரப்படாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க வசதி உள்ளவர்கள். தவணையில் ஓடும் காருக்கு அந்தக் காத்திருப்பு வாய்க்காது.

மாணவர்கள் செய்து பார்க்கலாம்

ஐந்தாம் படிவக் கணிதத்தில் காப்புறுதி, சாலை வரிக் கணக்குகள் வருகின்றன. உங்களுக்குப் பிடித்த ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று, ஐந்து, பத்து ஆண்டு பழைய கார்களின் விளம்பர விலையைக் குறித்துக்கொண்டு வரைபடம் போடுங்கள். சாலை வரி, காப்புறுதி, டயர், மாதத் தவணை ஆகியவற்றைத் தனியே கூட்டுங்கள். கோடு இறங்கும் வேகமும் செலவு கூடும் வேகமும் கண்முன் தெரியும்.

கார் மீது ஆர்வம் இருப்பதில் தவறில்லை. வாகனத் தொழில்நுட்பம், பழைய கார் மீட்டமைப்பு, மதிப்பீடு எல்லாம் வருமானம் தரும் தொழில்கள். வாங்கும் நாள் வரும்போது மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்: மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறேன்? இரண்டு மாதம் வேலை இல்லாவிட்டால் தவணையை எப்படிச் செலுத்துவேன்? நாளை விற்றால் கடன் முழுதும் அடையுமா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு கையெழுத்துப் போடலாம்.