சர்பத் போல் இனிக்கும் விஷம்! அதைப் பிடிக்கச் சொல்லித் தரும் 4 வருடப் படிப்பு

"பையன் என்ன படிக்கிறான்?"

"பி.பார்ம்."

"அப்படியா? மெடிக்கல் ஷாப் வைக்கப் போறானா?"

கல்யாணப் பந்தியில், மின்சார ரெயிலில், டீக்கடை பெஞ்சில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் வேறு வழி இல்லாமல் போய்ச் சேருகிற படிப்பு என்றுதான் பல பேர் நினைக்கிறார்கள். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கவா 4 வருடம் என்று சிரிப்பவர்களும் உண்டு.

2025-ம் ஆண்டு நடந்த பயங்கரத்தைத் தெரிந்து கொண்டவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அதன் விவரம் வருமாறு:-

மத்தியப் பிரதேச மாநிலத்தில் சிந்த்வாரா என்று ஒரு மாவட்டம். அங்கே சின்னக் குழந்தைகளுக்கு சளி, காய்ச்சல் வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த இருமல் மருந்தை வாங்கி வந்து, தாய்மார்கள் மூடியில் ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டொரு நாள் கழித்து குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்று போனது. சிறுநீரகம் கெட்டது. ஒன்றன்பின் ஒன்றாக 20-க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் பலியாகின.

அந்த மருந்து எங்கே தயாரானது தெரியுமா? நம்ம காஞ்சீபுரம் மாவட்டத்தில்!

மருந்தின் பெயர் கோல்ட்ரிப். மத்தியப் பிரதேசத்தில் இருந்து தகவல் வந்ததும், 2025 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் தமிழக அரசின் மருந்து ஆய்வகத்தில் அதைச் சோதித்தார்கள். டை எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் 48.6 சதவிகிதம் இருந்தது. இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவிகிதம். அதாவது பாட்டிலில் ஏறக்குறைய பாதி விஷம்!

மருந்துக்குத் தடை போட்டார்கள். கம்பெனி லைசென்சு ரத்தானது. மத்தியப் பிரதேச போலீசார் சென்னைக்கே வந்து உரிமையாளரைக் கைது செய்து கொண்டு போனார்கள்.

பிரேக் ஆயில் சரக்கு

இந்த டை எத்திலீன் கிளைக்கால் பெயிண்டு, பிரேக் ஆயில் போன்ற தொழிற்சாலைச் சரக்குகளில் போடுகிற திரவம். நிறம் கிடையாது. கொழகொழ என்று இருக்கும். குடித்தால் இனிக்கும். மருந்துச் சாறுகளில் கலக்கிற கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் ஆகியவையும் பார்வைக்கு இதே மாதிரிதான். கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. விலை குறைந்த சரக்கு உள்ளே புகுந்து விடுவது இந்த வழியாகத்தான்.

வயிற்றுக்குள் போன பிறகுதான் அது வேலையைக் காட்டும். உடம்பு அதை வேறு ஓர் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. விஷத்தை விஷமாக்குவது நம்ம உடம்பேதான்!

எது உள்ளே போனால் என்ன ஆகும், எவ்வளவு போனால் ஆகும், எத்தனை மணி நேரத்தில் ஆகும்? இந்தக் கணக்கைச் சொல்லித் தருகிற பாடத்துக்குப் பெயர் பார்மகாலஜி. தமிழில் மருந்தியல் என்கிறார்கள். கேலி செய்கிற அந்த பி.பார்ம் படிப்பில் இது 4-வது, 5-வது, 6-வது செமஸ்டர் என்று மூன்று தடவை வருகிறது. விஷங்களைப் பற்றிய பாடம் 6-வது செமஸ்டரில். மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று கருவி வைத்துக் கண்டுபிடிக்கும் பாடம் தனி.

இங்கிலாந்தில் பார்மகாலஜிக்கு என்றே தனியாக பி.எஸ்சி. பட்டம் இருக்கிறது. நம் ஊரில் இந்தப் பாடத்தை பி.பார்ம் மாணவர்களும், எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடத்தில் டாக்டருக்குப் படிப்பவர்களும் படிக்கிறார்கள். அதிலேயே ஊறிப் போக வேண்டும் என்றால் பி.பார்ம் முடித்து எம்.பார்மில் பார்மகாலஜி எடுக்க வேண்டும்.

டீயில் மாத்திரையா?

பாடம் என்றதும் பயந்து விடாதீர்கள். தினமும் நாம் செய்கிற காரியம்தான்.

காலையில் ஆபீஸ் அவசரத்தில் சத்து மாத்திரையை டீயோடு சேர்த்து விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்! அது இரும்புச்சத்து மாத்திரையாக இருந்தால் டீயில் இருக்கிற துவர்ப்புச் சரக்கு அதைப் பிடித்து வைத்துக் கொள்ளும். ரத்தத்தில் சேருவது குறைந்து போகும். சிப்ரோபிளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பாலோடு சாப்பிட்டாலும் இதே கதிதான். காசு கொடுத்து வாங்கிய மருந்து வேலை செய்யாமல் வெளியே போய் விடும்.

இதைவிடப் பெரிய விஷயம் பாரசிட்டமால். காய்ச்சலுக்கு, தலைவலிக்கு, மேல்வலிக்கு என்று வீட்டுக்கு வீடு இருக்கிற மாத்திரை. பெரியவர்களுக்கு ஒரு நாள் வரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் 6 வரைதான். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வரம்பும் ஆகாது, இன்னும் குறைக்க வேண்டும்.

"நான் ஒரு நாளைக்கு நாலுதான் போடுறேன்" என்கிறீர்களா? கூடவே ஒரு சளி மாத்திரையும் போடுவீர்கள். அதிலும் பாரசிட்டமால் இருக்கும். முதுகுவலிக்குக் கடையில் கொடுத்த மாத்திரையிலும் இருக்கும். பெயர் வேறு, அட்டை வேறு, சரக்கு ஒன்று!

அளவோடு போட்டால் ஈரல் சமாளித்துக் கொள்ளும். பாரசிட்டமாலில் ஒரு சிறு பங்கு ஈரலில் விஷப் பொருளாக மாறும். அதை அடக்க ஈரலிடம் ஒரு கையிருப்பு உண்டு. மாத்திரை அளவு மீறினால் அந்தக் கையிருப்பு காலியாகி விடும். அப்புறம் ஈரல் சாக ஆரம்பிக்கும். கொடுமை என்னவென்றால், முதல் நாள் ஆள் நன்றாகவே இருப்பார். கொஞ்சம் குமட்டலோடு சரி. மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன்.

இந்த 4 கிராமும் 8 மணி நேரமும்தான் பார்மகாலஜி. மனப்பாடம் பண்ணி எழுதி விட்டு மறந்து போகிற பாடம் இல்லை இது.

முன்பெல்லாம் இந்தப் பாடத்தின் சோதனைக்கூடம் என்றாலே தவளையும் முயலும்தான். இப்போது பி.பார்ம் மாணவர்களுக்கு கம்ப்யூட்டர் திரையிலேயே தவளையின் இதயம் துடிக்கிறது. பட்டனைத் தட்டினால் மருந்து இறங்குகிறது, துடிப்பு மாறுகிறது. தவளைகளுக்கு நல்ல காலம்!

"மிஸ்டர்" என்று வந்த கடிதம்

இந்தப் படிப்பு படித்த ஒரு பெண் ஒரு நாட்டையே காப்பாற்றிய கதை உண்டு.

முதலில் அமெரிக்காவில் நடந்த ஒரு சாவு வழக்கு. 1937-ம் ஆண்டு அங்கே ஒரு கம்பெனி, தொண்டைப் புண்ணுக்கான சல்பா மருந்தைச் சாறாகக் காய்ச்சி விற்றது. ராஸ்பெரி பழ வாசனை. நிறம் எப்படி, ருசி எப்படி, மணம் எப்படி என்று எல்லாம் பார்த்தார்கள். குடித்தால் உயிரோடு இருப்பார்களா என்று மட்டும் பார்க்கவில்லை! மருந்தைக் கரைக்க அவர்கள் ஊற்றியது இதே டை எத்திலீன் கிளைக்கால். 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் பலர்.

விற்பதற்கு முன் சோதிக்க வேண்டும் என்று அப்போது அங்கே சட்டமே கிடையாது. மறு வருடம் 1938-ல்தான் சட்டம் வந்தது.

கொன்றது எது என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் பார்மகாலஜி துறையில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வேலையில் இருந்த மாணவி பிரான்சஸ் ஓல்டாம். கனடாவைச் சேர்ந்தவர். இவருக்கு அங்கே இடம் கிடைத்ததே ஒரு வேடிக்கை. பிரான்சஸ் என்ற பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துக் கொண்ட பேராசிரியர், "மிஸ்டர் ஓல்டாம்" என்று கடிதம் போட்டு விட்டார்! உண்மையைச் சொல்லி விடலாமா என்று இவர் தயங்க, "பேசாமல் போய்ச் சேரு" என்று சொல்லி அனுப்பி வைத்தார் பழைய ஆசிரியர்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் பெயர் பிரான்சஸ் கெல்சி. 1960-ல் அமெரிக்க அரசின் மருந்து அனுமதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த கொஞ்ச நாளில் மேஜைக்கு வந்த பைல், தாலிடோமைடு என்ற தூக்க மருந்து. ஐரோப்பாவில் கர்ப்பிணிகள் மசக்கைக்கு இதைச் சாப்பிட்டுக் கொண்டு இருந்தார்கள். கையெழுத்துப் போடு, போடு என்று கம்பெனிக்காரர்கள் நெருக்கினார்கள். "ஆதாரம் போதாது" என்று திரும்பத் திரும்பப் பைலைத் திருப்பி அனுப்பினார் இந்த அம்மாள்.

அடுத்த வருடம் குட்டு உடைந்தது. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட தாய்மார்களுக்கு, கையும் காலும் வளராத குழந்தைகள் பிறந்தன. பல நாடுகளில் மொத்தம் 10 ஆயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். அமெரிக்காவில் அந்த மருந்து அப்போது கடைக்கு வரவே இல்லை. 1962-ல் ஜனாதிபதி கென்னடி இவருக்குப் பதக்கம் அணிவித்தார்.

கர்ப்பத்தில் இருக்கும் சிசுவை மருந்து எப்படிக் கெடுக்கிறது என்பதும் நம்ம பி.பார்ம் 6-வது செமஸ்டர் பாடத்தில் இருக்கிறது.

அமெரிக்கா 1937-ல் பாடம் கற்றது. நாம்? 1970-களின் ஆரம்பத்தில் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் 14 குழந்தைகள். 1986-ல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 நோயாளிகள். அதை விசாரிக்க நீதிபதி லென்டின் கமிஷன் போட்டார்கள். 2022-ல் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது சந்தேகத்துக்கு ஆளானது அரியானாவில் தயாரான இருமல் மருந்து. எல்லாவற்றிலும் அடிபட்ட பெயர் இதே டை எத்திலீன் கிளைக்கால்தான். 2025-ல் திரும்பவும் அது நம்ம வாசலுக்கே வந்து விட்டது.

சுவரில் தொங்கும் சர்டிபிகேட்

கம்பெனியைக் கண்காணிக்க வேண்டிய மருந்து ஆய்வாளர் ஆவதற்குப் பெரும்பாலும் இந்த பி.பார்ம் பட்டம்தான் வாசல். மருந்துக் கம்பெனியின் தர ஆய்வுக் கூடத்திலும் இவர்களுக்குத்தான் வேலை. பாட்டில் லாரியில் ஏறுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டியவர்கள் இவர்கள். கடைசிக் காவல், மருந்துக்கடை கவுண்ட்டர்.

அந்தக் காவல் எப்படி இருக்கிறது?

சாயங்காலம் ஆபீஸ் விட்ட நேரத்தில் சென்னையில் சில கடைகளில் போய் நின்று பார்த்தேன். கண்ணாடி போட்ட சட்டத்தில் மருந்தாளுநர் சர்டிபிகேட் பளபள என்று தொங்குகிறது. அதில் போட்டோவும் இருக்கிறது. ஆனால் போட்டோவில் இருக்கிற ஆள் கடையில் இல்லை! "சார் வெளியே போயிருக்கார்" என்பது பல்லவி. போன சார் எப்போது வருவார் என்பதற்குத்தான் பதில் இல்லை.

ஆளை வீட்டில் உட்கார வைத்து சர்டிபிகேட்டை மட்டும் மாத வாடகைக்கு வாங்குவது இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். 4 வருடம் படித்த படிப்பு ஆணியில் தொங்குகிறது. கவுண்ட்டரில் நிற்கிற பையன் அட்டையின் நிறம் பார்த்து மருந்து எடுக்கிறான். பையன் மேல் தப்பு இல்லை. சம்பளத்துக்கு வந்தவன். பட்டம் படித்தவர் பட்டத்தை வாடகைக்கு விட்டாரே, அவரைத்தான் கேட்க வேண்டும். வாடகை கொடுத்த முதலாளியையும்தான்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர வேறு ஆள் செய்யக் கூடாது என்று 1948-ம் வருடத்து பார்மசி சட்டம் சொல்கிறது. 2015-ல் வந்த விதிப்படி கடையில் மருந்தாளுநர் வெள்ளைக் கோட்டு போட்டிருக்க வேண்டும். பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும். உங்கள் தெருக் கடையில் பேட்ஜைப் பார்த்தது உண்டா?

விஷம் கலந்த பாட்டிலைக் கவுண்ட்டரில் நிற்பவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அது வாஸ்தவம். ஆனால் லேபிளைப் படிக்க முடியும். சளிக்குக் கொடுக்கிற குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் ஜோடி மருந்தை 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசின் மருந்து அதிகாரி எச்சரித்து இருந்தார். கோல்ட்ரிப்பில் அந்த ஜோடிதான் இருந்தது. இறந்தவர்களில் பலர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள்.

நீட் வேண்டாம்

இதைப் படித்து விட்டு, வீட்டில் பிளஸ்-2 முடிக்கிற பிள்ளை இருந்தால் விசாரித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பி.பார்ம் சேர நீட் பரீட்சை கிடையாது. பிளஸ்-2 மார்க்தான் கணக்கு. அரசு கல்லூரி என்றால் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் மதுரை மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு உண்டு. மற்றவற்றில் பெரும்பாலானவை தனியார். நேராக ஆஸ்பத்திரி வார்டில் டாக்டரோடு நின்று வேலை பார்க்க ஆசை என்றால் பார்ம்.டி என்று 6 வருடப் படிப்பு 2008-ல் இருந்து நடக்கிறது.

அவ்வளவு வருடம் தாங்காது என்கிறவர்களுக்கு 2 வருட டி.பார்ம். முடித்ததும் 500 மணி நேரம் மருந்தகத்தில் பயிற்சி. அப்புறம் கவுன்சில் கேட்கிற தகுதிகளை முடித்துப் பதிவு செய்து கொண்டால் கடையில் வேலை பார்க்கலாம். பின்னால் வசதிப்பட்டால் பி.பார்மில் நேரே இரண்டாம் வருடத்தில் சேரலாம். கவுண்ட்டரில் நிற்கிற பையன் பிளஸ்-2-வில் அதற்குரிய பாடம் படித்து பாஸ் செய்திருந்தால், அவனுக்கும் கதவு திறந்துதான் இருக்கிறது.