அரசின்மீது கோபம், சனத்தின்மீது பகை: இடதுசாரிகள் சறுக்கும் இடம்

மட்டக்களப்பின் காத்தான்குடியில், மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் சன்னங்கள் துளைத்த குழிகளைப் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. இஷாத் தொழுகையில் நின்றவர்கள் அங்கேயும் ஹுஸைனியா பள்ளிவாசலிலும் சுடப்பட்டார்கள். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விடுதலைப் புலிகள் பொறுப்பை மறுத்தாலும், உயிர் தப்பியவர்களின் சாட்சியம் அவர்களையே சுட்டுகிறது. சோசலிசத் தமிழீழமே இலட்சியம் என்று தொடக்க காலத்தில் எழுதிய இயக்கம் அது. சமத்துவம் பேசிய வாய் அயலூரைப் பகையாக அறிவித்தது எப்படி?

இதே கேள்வியைத்தான் உலகின் இடதுசாரிகள் இன்று வேறொரு பெயரில் எதிர்கொள்கிறார்கள். யூத வெறுப்பு எங்கள் அணிக்குள்ளும் இருக்கிறதா என்பதே அது.

எங்கிருந்து வந்தது?

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வறுமைக்குக் காரணம் தேடிய பலருக்கு, முதலாளித்துவம் என்ற அமைப்பைவிட ரொத்ஸ்சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்தின் பெயர் எளிதாகப் பிடிபட்டது. ஒரு வங்கியாளர்மீது எழுந்த கோபம் தெருவில் தையல் வேலை செய்த ஏழை யூதர்மீதும் பாய்ந்தது. இதை ‘முட்டாள்களின் சோசலிசம்’ என்று அக்காலச் சோசலிசவாதிகளே கண்டித்தார்கள். ஆனாலும் நோய் தீரவில்லை. 1968இல் போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு, சியோனிச எதிர்ப்பு என்ற பெயரில் நடத்திய பிரசாரத்தால் சுமார் 13,000 பேர் நாட்டை விட்டே வெளியேறினார்கள். பெரும்பாலோர் யூதர்கள். பிரித்தானியத் தொழிற்கட்சி யூதர்கள் தொடர்பில் தொல்லைப்படுத்தலிலும் பாகுபாட்டிலும் சட்டத்தை மீறியதாக, அந்நாட்டின் சமத்துவ, மனித உரிமைகள் ஆணைக்குழு 2020 ஒக்டோபரில் முடிவுசெய்தது.

நம் நாட்டில்?

இலங்கை இடதுசாரிகளுக்குப் பகையாக நிறுத்த இங்கே யூதச் சமூகம் இல்லை. அந்த இடத்தில் வேறு சனங்கள் நிறுத்தப்பட்டார்கள். கொழும்பின் முதல் பெரிய தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க, 1930களின் வேலையின்மைக்கு மலையாளத் தொழிலாளர்களைக் குற்றஞ்சாட்டினார். 1956இல் ‘சிங்களம் மட்டும்’ சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும், 1966 ஜனவரியில் தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராக வீதியில் இறங்கின. கொள்கை மாற எடுத்தது பத்தே ஆண்டுகள்.

இதைவிட ஆழமாக வேர்விட்டது ஜே.வி.பி.யின் பாடம். அதன் நிறுவனர் ரோகண விஜேவீர நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’. ஒரு பேரரசின் ஆசையை ஆராய்வதில் தவறில்லை. ஆனால் அந்த வகுப்பில், லயன் அறையில் வாழ்ந்து கொழுந்து பறித்த மலையகத் தமிழர் அந்த ஆசையின் கருவியாகக் காட்டப்பட்டார்கள். கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த லயனல் போபகே, தேசியப் பிரச்சினையில் உடன்பட முடியாமல் 1984இல் விலகினார்.

இந்தச் சம்பவங்கள் எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றே. பெரிய அதிகாரம் தொலைவில் இருக்கிறது, கைக்கு எட்டாது. பக்கத்தில் இருக்கும் பலவீனமான சனத்தை அதன் முகவராக அறிவித்துவிட்டால், அவர்களை அடிப்பதே புரட்சி என்றாகிவிடுகிறது.

அப்படியானால் இஸ்ரேலை எதிர்ப்பது யூத வெறுப்பா?

இல்லை. இந்த மண்ணில் அந்தக் கோபத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு. 1984இல் கொழும்பில் இஸ்ரேலிய நலன்கள் பிரிவு திறக்கப்பட்டது. இஸ்ரேலியர்கள் நமது படையினருக்குப் பயிற்சி அளித்தார்கள். ‘கிபிர்’ என்ற சொல்லைக் கேட்டாலே பங்கரை நோக்கி ஓடிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த விமானங்களை விற்றதும் இஸ்ரேல்தான். ஈரோஸ் என்ற தமிழ் இயக்கத்தின் இளைஞர்கள் 1970களில் லெபனானில் பாலஸ்தீனியரிடம் பயிற்சி பெற்றார்கள். காஸாவில் பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டதைப் பார்த்து ஏறாவூரும் காத்தான்குடியும் கொதிப்பதில் வெறுப்பு இல்லை, மனிதம் இருக்கிறது.

சறுக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. 2023 ஒக்டோபர் 7இல் ஹமாஸ் கொன்ற பொதுமக்களை ‘எதிர்ப்பு’ என்ற ஒரு சொல்லால் கடந்து போகும்போது. ‘இஸ்ரேல் அரசு’ என்று எழுதவேண்டிய பதாகையில் ‘யூதன்’ என்று எழுதும்போது. உலகின் பணமும் பத்திரிகையும் அவர்கள் கையில்தான் என்று பேசும்போது. 2024 ஒக்டோபரில் அறுகம்பேயில் இஸ்ரேலியச் சுற்றுலாப் பயணிகளைத் தாக்கச் சதி நடப்பதாக எச்சரிக்கை வந்து, சிலர் கைதானார்கள். அங்கே இஸ்ரேலியர் அனுமதியின்றி வியாபாரம் நடத்தினால் அதைத் தட்டிக்கேட்பது ஊரின் உரிமை. கடலில் அலைச்சறுக்கு ஆட வந்தவரைக் கொன்றால் காஸாவுக்கு எந்த நீதியும் கிடைக்காது.

எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லியாக வேண்டும். 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய ஓர் இளைஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிக்கப்பட்டார். விமர்சனத்தைப் பயங்கரவாதமாக்கும் அரசு, உண்மையான வெறுப்பை எதிர்க்கும் வலிமையை இழக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்கரைக்கு என்ன வேலை?

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்பது மட்டக்களப்பின் பழைய சொல். குழலுக்குள் ஒரு பிடி மா, ஒரு பிடி பூ என்று அடுக்கி ஆவியில் அவிப்பதால்தான் பிட்டு உதிராமல் நிற்கும். 1990 அதைச் சிதறடித்தது. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, பிள்ளைகள் உட்பட முப்பது பேரளவில் இறந்தபோது, தாக்குதல் கும்பலின் தலைவன் சஹ்ரானுக்காக, அவனது ஊரான காத்தான்குடி முழுவதும் பதில் சொல்ல நேர்ந்தது. புலிகள் செய்ததற்காக ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் ஒவ்வொரு தமிழரும் பதில் சொன்னதுபோல.

ஒருவன் செய்ததற்கு ஓரினமே பதில் சொல்லவேண்டும் என்ற அநியாயத்தை வாவியின் இரு கரைகளான எழுவான்கரையும் படுவான்கரையும் பட்டறிந்திருக்கின்றன. அதனால்தான் பாலஸ்தீனத்துக்காக எழும் குரலைத் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பு நமக்குக் கூடுதலாக இருக்கிறது. அடுத்த முறை பதாகை எழுதும்போது குண்டு போட்ட அரசின் பெயரையும், ஆயுதம் விற்ற நாட்டின் பெயரையும், கட்டளையிட்ட அமைச்சரின் பெயரையும் எழுதுவோம். ஒரு சனத்தின் பெயரை எழுதக் கை நீளுமானால், காத்தான்குடிப் பள்ளிவாசல் சுவரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவோம்.