கார் கதவில் துரு... எந்த பட்டி வாங்கலாம்?

பழைய கார்களில் கதவின் அடிப்பாகம்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். அங்குள்ள வடிகால் துளை குப்பையால் அடைபட, மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கிவிடும். கடற்கரை ஊர் என்றால் இன்னும் வேகம்!

சாதாரண பாலியஸ்டர் பட்டி நெளிவை நிரப்ப அருமையானது. ஆனால், அதிலுள்ள டால்க் பவுடர் ஈரத்தை உறிஞ்சும். துரு தின்ற ஓட்டையின் மேல் நேரடியாகப் பூசினால், பின்பக்கமிருந்து ஈரம் ஏறி பெயின்ட் மறுபடி உப்பும். சின்ன ஓட்டைக்கு ஃபைபர் கிளாஸ் இழை கலந்த பட்டிதான் சரி. அது இறுகியதும் தேய்த்து, மேலே மெல்லிசாக சாதாரண பட்டி பார்க்கலாம். என்.சி. பட்டி ஊசிமுனைக் குழிகளுக்கு மட்டும். கனமாக அப்பினால் சுருங்கி விரிசல் விடும்.

எதுவானாலும், வெறும் இரும்பு தெரியும்வரை துருவைச் சுரண்டியே ஆக வேண்டும். இதில் சோம்பல்பட்டால் விலை உயர்ந்த பட்டியும் வீண். ஹார்டனர் பொதுவாக 2 சதவிகிதம் போதும். கூடினால் பூசுவதற்குள் இறுகிவிடும். தேய்க்கும்போது மாஸ்க் அவசியம்.

கதவுக்குக் கீழுள்ள சட்டம், சேஸிஸ், சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடம்... இங்கெல்லாம் பட்டி கூடவே கூடாது. பார்க்கப் பளபளக்கும், விபத்தில் தாங்காது. தகடு வைத்து வெல்டிங்தான் வழி. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் சின்ன காந்தம் ஒன்றைக் கொண்டு போகலாம். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது.