மணல் முற்றத்துக்கு நித்தியகல்யாணி

நம் ஆலங்குடா அமைந்துள்ள கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நீரையும் பிடித்து வைக்காது, பசளையையும் பிடித்து வைக்காது. செடிக்கு இடும் யூரியா நைத்திரேற்றாக மாறி, கரைந்து கீழிறங்கிவிடுகிறது. அங்கே உவர்நீரின் மேல் படலமாகத் தங்கும் நன்னீர்தான் நம் கிணறுகளில் ஊறுகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பயிர் செய்யும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் அந்த எல்லை மீறப்பட்டிருக்கிறது. ஆகவே இங்கே எந்தப் பூச்செடியை நடுகிறோம் என்பது கிணற்றையும் பொறுத்த கேள்வி.

வட அமெரிக்கப் புல்வெளியின் எக்கினேசியா பூவில் குட்டை வகைகள் இன்று பலரையும் கவர்கின்றன. வறட்சியைத் தாங்கினாலும், ஆண்டுதோறும் ஒரு குளிர்கால உறக்கம் இருந்தால்தான் அது செழிக்கும். குளிர்காலம் இல்லாத நம் கரைக்கு ஏற்றது மடகாஸ்கரில் தோன்றிய நித்தியகல்யாணி. யாழ்ப்பாணத்தார் பட்டிப்பூ என்பார்கள். வெயில், மணல், உப்புக்காற்று மூன்றையும் அது தாங்கும். கசப்பான பால் இருப்பதால் ஆடும் மாடும் பெரும்பாலும் கடிப்பதில்லை.

கணுக்களுக்கு இடையேயான தண்டு குறுகியிருப்பதால் இதன் குட்டை வகைகள் அடர்ந்து கிளைக்கும். தென்மேற்குப் பருவக் காற்றிலும் சாயாது. விதை முளைக்க இருட்டு வேண்டும். தும்புத்தூளும் மணலும் கலந்த தட்டில் தூவி, மெல்லிய மண் மூடி, முளை தெரியும்வரை சாக்கால் போர்த்தி வையுங்கள். நான்கைந்து இலை விட்டதும் ஒரு சாண் இடைவெளியில் நட்டு, ஒரு பிடி மக்கிய சாணம் இடுங்கள், யூரியா தேவையில்லை. வேர்பிடித்தபின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். காலையில் அடியில் மட்டும் நீர் ஊற்றுங்கள். நீர் தேங்கினால் பைற்றொப்தொரா என்னும் நுண்ணுயிர் வேரை அழுகச் செய்துவிடும். கலப்பின வகையின் விதையைச் சேர்த்து விதைத்தால் தாய்ச்செடியின் உருவம் அப்படியே வராது.

நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று நித்தியகல்யாணியின் இலையை ஆராய்ந்த கனடாவின் றொபேட் நோபிளும் சார்ள்ஸ் பியரும், அது இரத்த வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டு, 1958இல் வின்பிளாஸ்ரின் என்ற புற்றுநோய் மருந்தை அறிவித்தனர். இதே செடி தந்த வின்கிறிஸ்ரின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் ஏற்றும்போதே இவை மருந்து. செடியாக உண்டால் நஞ்சு. எனவே சர்க்கரை வியாதிக்கென்று இலையை அவித்துக் குடிக்க வேண்டாம். செடியைக் கிள்ளிய கையைக் கழுவுங்கள். சிறு பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.