தில்லியின் சுரங்கப் பள்ளங்கள் நீர்த்தேக்கம் ஆகுமா?

புது தில்லி: யமுனை நீரைப் பகிர்ந்துகொள்ள 1994 மே 12-இல் ஹரியாணா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், ஹிமாசலப் பிரதேசம், தில்லி ஆகியவை செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தில்லியின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 25.5 டிஎம்சி. கேட்பதற்குத் தாராளமான அளவுதான். ஆனால் அதில் 20 டிஎம்சிக்கும் அதிகமான நீர் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களுக்கு உரியது. தலைநகரம் குடிநீருக்குத் தவிக்கும் மார்ச் - ஜூன் மாதங்களுக்கு 3 டிஎம்சிகூட இல்லை.

2023 ஜூலை 13-இல் யமுனையின் நீர்மட்டம் இதுவரை இல்லாத வகையில் 208.66 மீட்டரை எட்டி நகருக்குள் புகுந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ஜூனில், கூடுதல் தண்ணீர் கேட்டு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது தில்லி அரசு. அப்போது நீர்வளத் துறை அமைச்சராக இருந்த ஆதிஷி உண்ணாவிரதமே இருந்தார். மழைக்கால நீரைத் தேக்கிவைக்கத் தில்லிக்குச் சொந்தமாகப் பெரிய அணை எதுவும் கிடையாது. எனவேதான் நகரின் தென்கோடியில் உள்ள பட்டி சுரங்கப் பள்ளங்களின் மீது ஆட்சியாளர்களின் பார்வை அவ்வப்போது திரும்புகிறது.

ஆரவல்லி மலைத்தொடரின் நுனியில், கட்டுமானத்துக்கான சிவப்பு நிற பதர்பூர் மணலை வெட்டியெடுத்ததால் உருவானவை இப்பள்ளங்கள். மண் சரிந்து தொழிலாளர்கள் மடிந்த பிறகு சுரங்கம் மூடப்பட்டது. 1991-இல் இப்பகுதி அசோலா வன உயிரின சரணாலயத்துடன் சேர்க்கப்பட்டது. இங்கு மண் வெட்டியவர்களில் பலர், குளம் தோண்டுவதையே குலத்தொழிலாகக் கொண்ட ஓட் சமூகத்தினர். குளம் வெட்டத் தெரிந்தவர்களைக் கொண்டே தண்ணீர் தங்காத பள்ளங்களைத் தோண்டியதை என்னவென்று சொல்வது?

தண்ணீர் தங்குமா என்பதுதான் முதல் கேள்வி. வெடிப்புகள் நிறைந்த பாறை நீரை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்பிவிடும். நிலத்தடி நீரைப் பெருக்குவது நோக்கமானால் அது நன்மையே. கோடையில் எடுத்துப் பயன்படுத்துவது நோக்கமானால் அது இழப்பு. இரண்டில் எது நோக்கம் என்பதை முடிவு செய்யாமலேயே திட்டங்கள் பேசப்படுகின்றன. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை விடலாம் என்ற யோசனைக்கும் இது பொருந்தும். அந்த நீரின் தரம் குறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளே பாழாகும்.

அடுத்தது நீர்மட்டம். ஏரிக்கு மதகும் கலங்கலும் உண்டு. குவாரிக்கு இரண்டும் இல்லை. உள்ளே வரும் நீரையும் வெளியே போகும் நீரையும் பம்புகளே தீர்மானிக்க வேண்டும். நீரை வேகமாக இறைத்தால், ஊறிப்போன பக்கச் சுவர்கள் தாங்குதல் இழந்து சரியும். ஆழத்தில் நெடுநாள் கிடக்கும் நீரில் பிராணவாயு குறைந்துவிடும் என்பதால் எந்த மட்டத்திலிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். இவற்றோடு மேட்டுப் பிரச்னையும் சேர்ந்துகொள்கிறது. யமுனைப் படுகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்க, தெற்குக் குன்றுகள் சில இடங்களில் 300 மீட்டரைத் தொடுகின்றன. சில நாள்களே நீடிக்கும் வெள்ளத்தை, அதுவும் வண்டல் கலந்த நீரை, மேடேற்ற வேண்டும்.

முடியாத காரியம் என்று ஒதுக்கவும் இயலாது. 2017 வறட்சியில் சென்னையை அடுத்த சிக்கராயபுரம் கல்குவாரிகளிலிருந்து நாள்தோறும் சுமார் 3 கோடி லிட்டர் நீர் எடுக்கப்பட்டு, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து விநியோகிக்கப்பட்டது. 2019-லும் அந்தக் குவாரிகள் கைகொடுத்தன. ஆனால் அங்கு சுத்திகரிப்பு நிலையம் அருகிலேயே இருந்தது; குவாரிகள் சரணாலயத்துக்குள் இல்லை.

தில்லியில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. சரணாலயத்துக்குள் வரும் நீரோட்டத்தையோ வெளியேறும் நீரோட்டத்தையோ திருப்பவும், நிறுத்தவும், அதிகரிக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை என்கிறது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு. வன உயிரினங்களின் நலனுக்கு அது அவசியம் என்று அரசு கருதினால்தான் அனுமதி கிடைக்கும். நகரத்தின் தாகம் அதில் ஒரு காரணமாகச் சொல்லப்படவில்லை. பள்ளம் வனத் துறையிடம், குடிநீர் ஜல் போர்டிடம், ஆற்று நீர் அண்டை மாநிலங்களின் கையில். நீர்மட்டத்துக்கு யார் பொறுப்பு?

1994 ஒப்பந்தத்தை 2025-க்குப் பிறகு மறுஆய்வு செய்யக் கோரலாம் என்று அதிலேயே கூறப்பட்டுள்ளது. மழைக்காலப் பங்கைத் தேக்க வழியில்லாத மாநிலம் அந்தப் பேச்சில் எதை முன்வைக்கும் என்று ஹரியாணாவும் உத்தரப் பிரதேசமும் கேட்காமல் இருக்கப் போவதில்லை.