சூடு என்று சொல்லி மறைக்கப்படும் நோய்

கிராமத்து ஆண்களுக்குப் பால்வினை நோய் தொற்றினால் அதற்கு முதலில் கிடைக்கும் பெயர் ‘உடம்புச் சூடு’. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ் வடிதல், பிறப்புறுப்பில் புண் எல்லாம் சூட்டின் கணக்கில் போய்விடும். இளநீர், ஊறவைத்த வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று ஒரு வாரம் ஓடும். அதற்கும் அடங்காவிட்டால்தான் ‘பொம்பளைச் சீக்கோ’ என்ற சந்தேகம் எழும். எழுந்த பிறகு வாய் திறப்பது இன்னும் கஷ்டம்.

லாரி, போர்வெல் வண்டி, செங்கல் சூளை, கட்டட வேலை என்று மாதக்கணக்கில் வெளியூரில் கிடக்கும் ஆண்களுக்குத் தொற்றும் வாய்ப்பு அதிகம். ஊரிலேயே இருப்பவர்களுக்கும் வராமல் இல்லை.

வெட்டை எனப்படும் கொனோரியா பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சீழாக வெளிப்பட்டுவிடும். கிளமிடியா பல ஆண்களிடம் அறிகுறியே காட்டாது. மிகவும் ஏமாற்றுவது சிபிலிஸ். தொற்றி ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஒரு புண் வரும், வலிக்காது. எந்த மருந்தும் போடாமலே 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். ஆனால் கிருமி இரத்தத்தில் இருக்கும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றலாம்; அவையும் தானே மறையும். ஆண்டுகள் கழித்து இதயத்தையோ மூளையையோ தாக்கக்கூடும்.

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, குறிப்பிட்ட கிழமையில் லாட்ஜில் அறை எடுத்து ‘ஆண்மை’ வைத்தியம் பார்ப்பவர்களின் பிழைப்பு இங்கேதான் நடக்கிறது. தானாக ஆறிய புண்ணுக்கு லேகியம் பெயர் வாங்கிக்கொள்கிறது. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் இரண்டு மாத்திரையும் ஆபத்துதான். பழைய மருந்துகள் பலவற்றுக்குக் கொனோரியா கிருமி இப்போது கட்டுப்படுவதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்திலேயே இருந்தும் ஆண்கள் போகாததற்குக் காரணம் உண்டு. ஓ.பி. சீட்டு வரிசையில் முன்னால் நிற்பவர் பங்காளி. ஊசி போடும் நர்ஸ் பக்கத்துத் தெரு. இந்தக் கூச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது சரியல்ல. தனி அறையும் ரகசியமும் கிடைத்தால் அவர்கள் வரத் தயங்கமாட்டார்கள்.

சிகிச்சை எளிது. அரசு மருத்துவமனைகளில் அறிகுறிக்கு ஏற்ப நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் இலவசம்: சீழுக்குச் சாம்பல் நிறம், புண்ணுக்கு வெள்ளை, அக்கிப் புண்ணுக்குச் சிவப்பு. ஆரம்ப நிலைச் சிபிலிஸுக்கு ஒரு தடவை பென்சாத்தின் பென்சிலின் ஊசி போதும். மனைவிக்கும் சேர்த்துச் சிகிச்சை தராவிட்டால் நோய் திரும்ப வரும். கணவனிடமிருந்து சிபிலிஸ் தொற்றிய கர்ப்பிணிக்குக் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். பாலுறவில் தொற்றும் புண், எச்.ஐ.வி. நுழையவும் வழி செய்கிறது. ஆணுறை இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுக்கும்.

எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் இலவசம். முடிவு ரகசியமாக வைக்கப்படும். நேரில் கேட்கக் கூச்சப்படுபவர்கள் 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.